கட்டுக்கு மேலே, கட்டுக்குக் கீழே

மேற்குப் பென்சில்வேனியாவின் மலைகளுக்கிடையே சவுத் ஃபோர்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, பள்ளத்தாக்கின் இரு பக்கங்களிலும் புல் மூடிய இரண்டு மண்மேடுகள் எதிரெதிரே நிற்கின்றன. இடையால் ஒரு சிற்றாறும் ஒரு புகையிரதப் பாதையும் போகின்றன. சில வருடங்களுக்கு முன் ரொறொன்ரோவிலிருந்து போன நாங்கள் நான்கு பேர் அந்த மேடுகளில் ஒன்றின் மீது ஏறி நின்றோம். எங்களில் ஒருவர் வன்னியில் குளத்தடி ஊரொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் இரண்டு மேடுகளுக்கும் இடையிலுள்ள வெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத் துருசு எங்க இருந்தது?" என்று கேட்டார்.

துருசு இருந்தது. அதைக் கழற்றி இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். 1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இந்த மண்கட்டு உடைந்தது. பதினான்கு மைல் கீழேயிருந்த ஜோன்ஸ்ரவுன் நகரத்திலும் வழியிலிருந்த ஊர்களிலும் 2,209 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்று நூல்களில் இது 'ஜோன்ஸ்ரவுன் வெள்ளம்' என்றே பதிவாகியிருக்கிறது. வெள்ளம் என்ற அந்தச் சொல்லே விடயத்தின் பாதியை மறைத்துவிடுகிறது என்பதுதான் எனது வாதம். வெள்ளம் என்றதும் எமக்கு மழையும் ஆறும் நினைவுக்கு வருகின்றன. இங்கே உடைந்ததோ ஒரு சிலருடைய சொத்து. அந்தச் சொத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

கைமாறிய கட்டு

இந்தக் கட்டைக் கட்டியது பென்சில்வேனியா மாநில அரசு. அக்காலத்தில் பிலடெல்பியாவுக்கும் பிற்ஸ்பேர்க்குக்கும் இடையில் கால்வாய்களை நம்பியே போக்குவரத்து நடந்தது. கோடையில் ஜோன்ஸ்ரவுன் கால்வாயில் தண்ணீர் வற்றாமலிருக்க மேலே மலையில் ஒரு நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. 1838இல் தொடங்கிய வேலை இடையில் பணமில்லாமல் நின்று, 1850களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. 72 அடி உயரம், 900 அடிக்கு மேல் நீளம். வேலை மோசமானதென்று எவரும் சொல்லவில்லை. களிமண்ணைப் படைபடையாகப் போட்டு, நனைத்து, இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. வேண்டியபோது தண்ணீரைத் திறந்துவிடுவதற்கும், குளத்தை வற்றவைத்துக் கட்டைத் திருத்துவதற்கும் அவைதான் வழி. வன்னியில் துருசு என்று சொல்வது இதைத்தான். மிஞ்சிய தண்ணீர் பக்கத்தால் வெளியேறவென ஓரத்துப் பாறையை வெட்டி வானும் அமைத்திருந்தார்கள்.

மண்கட்டு என்பது இந்த இரண்டையும் நம்பி நிற்பது. கல்லாலும் கொங்கிறீற்றாலும் கட்டிய அணையின் மேலால் தண்ணீர் பாய்ந்தாலும் அது சிலவேளை தாங்கும். மண்கட்டு தாங்காது. மேலால் பாயும் தண்ணீர் பின்சரிவை அரிக்கும். அரித்த பள்ளத்தால் இன்னும் கூடுதலாகப் பாயும். பிறகு நிறுத்த முடியாது. குளத்தடியில் வளர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும். வான் அடைபட்டால் கட்டுப் போய்விடும். துருசு இல்லாவிட்டால், ஆபத்து வருகிறதென்று தெரிந்தும் தண்ணீரை இறக்க வழியில்லை.

கட்டு முடிந்த கையோடு அதன் தேவையும் முடிந்துவிட்டது. மலையைக் கடந்து புகையிரதம் வந்தது. 1857இல் அரசு கால்வாய்களைப் பென்சில்வேனியா புகையிரதக் கம்பனிக்கு விற்றது. மலைமேலிருந்த குளத்தால் கம்பனிக்குப் பயனில்லை. 1862இல் கட்டின் ஒரு பகுதி உடைந்தது; அன்று குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தபடியால் பெரிய சேதமில்லை. உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. 1875இல் ஜோன் றைலி என்ற காங்கிரஸ் உறுப்பினர் அதை வாங்கினார். ஐந்து குழாய்களையும் கழற்றிப் பழைய இரும்பாக விற்றார். 1879இல் பெஞ்சமின் றஃப் என்ற ஒப்பந்தக்காரருக்குக் கட்டைக் கைமாற்றினார்.

மீன் தப்பாத ஏரி

றஃப் தொடங்கியது 'சவுத் ஃபோர்க் மீன்பிடி வேட்டைக் கழகம்'. உறுப்பினர்கள் அறுபது பேரளவில். பெரும்பாலும் பிற்ஸ்பேர்க்கின் உருக்கு, நிலக்கரி, வங்கி முதலாளிகள். அன்ட்ரூ கார்னெகி இருந்தார். ஹென்றி கிளே ஃபிறிக் இருந்தார். 1892இல் ஹோம்ஸ்ரெட் உருக்காலைத் தொழிலாளர்மீது கூலிக்காவலர்களை ஏவியவர் இவரே. பின்னாளில் அமெரிக்காவின் நிதிச் செயலாளரான அன்ட்ரூ மெலனும், வெளிவிவகாரச் செயலாளரான ஃபிலாண்டர் நொக்ஸும் இருந்தார்கள். தாங்களே உண்டாக்கிய ஆலைப்புகையிலிருந்து கோடையில் தப்பிவர அவர்களுக்கு ஓரிடம் வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் 47 அறைகள் கொண்ட விடுதியும் பதினாறு கோடைவீடுகளும் எழுந்தன. ஏரியில் பாய்க்கப்பல்களும் நீராவிப் படகுகளும் ஓடின.

கட்டை எப்படித் திருத்தினார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. உடைந்த இடத்தை மண், கல், மரக்கிளை, வைக்கோல், சாணம் என்று கிடைத்ததைக் கொண்டு நிரப்பினார்கள். கழற்றிய குழாய்களை மீண்டும் போடவில்லை. கட்டின் மேலால் குதிரை வண்டிகள் வசதியாகப் போய்வர வேண்டுமென்று உச்சியை இறக்கி அகலமாக்கினார்கள். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்து போயிருந்தது; அதாவது தண்ணீர் மேலால் பாய்ந்தால், கட்டு மிக உயரமாயிருக்கும் இடத்தில்தான் முதலில் பாயும். ஏரியில் விலைகொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் தப்பிப் போகாமலிருக்க வானின் குறுக்கே இரும்புக் கம்பித் தடுப்புகளைப் போட்டார்கள்.

இவற்றில் எதையும் அவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. அப்படிச் சொல்வது அவர்களை இலேசாக விட்டுவிடுவதாகும். வண்டி போக வழி வேண்டும், மீன் நிற்க வேண்டும், செலவு குறைய வேண்டும் என்று ஒவ்வொரு முடிவுக்கும் நியாயமானதொரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்கள் எல்லாம் மேலே இருப்பவர்களுடைய காரணங்கள். கீழே இருப்பவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு, அதையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. ஏரி ஜோன்ஸ்ரவுனைவிடச் சுமார் 450 அடி உயரத்தில் இருந்தது.

எச்சரித்தவர்கள்

கீழே ஜோன்ஸ்ரவுனில் கேம்பிரியா இரும்புக் கம்பனி இருந்தது. வேல்ஸிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்குப் பிந்தி வந்த ஹங்கேரியர், ஸ்லொவாக்கியர் என்று பள்ளத்தாக்கில் முப்பதாயிரம் பேரளவில் வாழ்ந்தார்கள். கம்பனியின் தலைவர் டானியல் மொறெல் சந்தேகம் கொண்டு, 1880இல் ஜோன் ஃபுல்ரன் என்பவரை அனுப்பிக் கட்டைப் பார்வையிடச் செய்தார். ஃபுல்ரன் இரண்டு குறைகளை எழுதினார். ஒன்று, தண்ணீரை இறக்கக் குழாய் இல்லை. மற்றது, திருத்திய பகுதி உறுதியாக இல்லை, அதனால் பெரிய கசிவு இருக்கிறது.

கழகத்தின் பதில், உங்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்பதாக இருந்தது. திருத்தச் செலவில் பங்கு தருவதாகவும் மொறெல் சொல்லிப் பார்த்தார். அதுவும் ஏற்கப்படவில்லை. கடைசியில் அவர் தானே கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார்? உள்ளே இருந்தாலாவது கண்காணிக்கலாம் என்று நினைத்தாரோ தெரியாது. இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்று யோசித்தேன். பள்ளத்தாக்கிலேயே பலம்வாய்ந்த மனிதர் அவர். அவருக்கே கட்டைப் பற்றிச் சட்டப்படி கேட்க எந்த வழியும் இருக்கவில்லை. பணம் கொடுத்து மேலே ஏறுவது ஒன்றுதான் வழி. ஆலைத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. மொறெல் 1885இல் இறந்தார். றஃப் 1887இல் இறந்தார். எச்சரித்தவரும் மறுத்தவரும் போய்விட, கட்டு மட்டும் நின்றது.

ஊரில் ஒவ்வொரு வசந்தத்திலும் 'இந்த முறை கட்டு உடையும்' என்று பேச்சு எழும். உடையவில்லை. வருடக்கணக்கில் இதைக் கேட்டவர்களுக்கு அது பகிடியாகிவிட்டது. மக்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று பின்னர் எழுதியவர்கள் உண்டு. எதையும் செய்ய அதிகாரமில்லாதவன் தன் பயத்தைப் பகிடியாக்கித்தான் வாழ முடியும். எமக்கு இது தெரியாததா?

மே 31

மே 30ஆம் திகதி இரவு முழுவதும் கடும் மழை. காலையில் ஏரி கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. கழகத்தின் தலைவர் இலையாஸ் உங்கரும் இளம் பொறியியலாளர் ஜோன் பார்க்கும், அங்கு கழிவுநீர்க் கால்வாய் வெட்டவென வந்திருந்த இத்தாலியக் கூலித் தொழிலாளரைக் கொண்டு கட்டின் உச்சியை உயர்த்தப் பார்த்தார்கள். மறு ஓரத்தில் புதிதாக ஒரு வான் வெட்டப் பார்த்தார்கள். வானின் மீன் தடுப்புகளில் மரங்களும் குப்பையும் வந்து அடைத்திருந்தன. அவற்றை அகற்ற முயன்றபோது காலம் கடந்துவிட்டது. தண்ணீரை இறக்கத் துருசு இல்லை. பார்க் குதிரையில் சவுத் ஃபோர்க்குக்கு ஓடிச் செய்தி அனுப்பச் செய்தார். தந்தி சில இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மக்களிடம் போய்ச் சேரவில்லை.

பிற்பகல் மூன்று மணியளவில் கட்டு உடைந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஜோன்ஸ்ரவுனை அடைந்தது. வழியில் வீடுகள், மரங்கள், புகையிரத எஞ்சின்கள், ஓர் ஆலையின் முட்கம்பிச் சுருள்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. ஜோன் ஹெஸ் என்ற எஞ்சின் சாரதி ஊதலைக் கட்டிவைத்து ஊதவிட்டபடி வெள்ளத்துக்கு முன்னால் ஓடியதுதான் பலருக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை. நகரத்தின் கல் பாலத்தில் இடிபாடுகள் குவிந்து, அன்று மாலை தீப்பற்றிக்கொண்டது. நீரில் தப்பியவர்கள் சிலர் அங்கே நெருப்பில் இறந்தார்கள். 99 குடும்பங்கள் முற்றாக அழிந்தன. இறந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் இன்னாரென்று அடையாளம் காணப்படவில்லை.

பழி யார்மேல்

உடனடியாக வந்த பத்திரிகைச் செய்திகளில் கழகம் இல்லை. 'ஹங்கேரியர்' இருந்தார்கள். பிணங்களின் விரல்களை வெட்டி மோதிரம் எடுக்கிறார்கள், ஊரவர் அவர்களைப் பிடித்துத் தூக்கிலிடுகிறார்கள் என்று பத்திரிகைகள் படங்களோடு எழுதின. பெரும்பாலும் பொய் என்பது சில நாட்களில் தெரியவந்து, மறுப்புகளும் வந்தன. ஆனால் அதற்கிடையில் அந்த மக்கள் அடிவாங்கினார்கள், பயந்து ஒடுங்கினார்கள். கடைசியாக வந்து, மொழி தெரியாமல், ஆலையில் கீழ்த்தட்டு வேலை செய்துகொண்டு, வெள்ளத்தில் தம்மவரையும் பறிகொடுத்தவர்கள் அவர்கள். கட்டைக் காப்பாற்ற மண்வெட்டியோடு நின்ற இத்தாலியத் தொழிலாளருடைய பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

அகதியாக வாழும் எவரும் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட முடியாது. ஓர் அனர்த்தம் நடந்தவுடன் காரணத்தை மேலே தேடுவது கடினம். அங்கே சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். கீழே தேடுவது இலகு.

சட்டத்தரணிகள் உண்மையாகவே இருந்தார்கள். கழகத்துக்காக வாதாடிய நிறுவனம் அதன் உறுப்பினர்களான நொக்ஸும் றீட்டும் நடத்தியது. கழகத்துக்கெதிரான எந்த வழக்கும் வெல்லவில்லை. இங்கிலாந்தில் 1868இல் பிரபுக்கள் சபை 'றைலண்ட்ஸ் எதிர் பிளெற்சர்' வழக்கில், தன் நிலத்தில் பெருந்தண்ணீரைத் தேக்கிவைப்பவர் அது வெளியேறிச் செய்யும் சேதத்துக்குக் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பு என்று தீர்த்திருந்தது. பென்சில்வேனியாவின் உயர்நீதிமன்றமோ 1886இல் அந்தக் கொள்கையை ஏற்க மறுத்திருந்தது. தொழில் வளர வேண்டுமாம். ஆகவே ஜோன்ஸ்ரவுன் மக்கள் தனிப்பட்ட ஒருவரின் தவறை நிரூபிக்க வேண்டியிருந்தது. இறந்துபோன றஃப்பின் மேல் எதை நிரூபிப்பது? நடந்ததோ 'கடவுளின் செயல்' என்றாயிற்று. அடுத்த இருபதாண்டுகளில் பல மாநில நீதிமன்றங்கள் றைலண்ட்ஸ் கொள்கையின் பக்கம் சாய்ந்தன. ஜோன்ஸ்ரவுன் மீதான கோபமும் அதற்கொரு காரணம் என்று சட்ட வரலாற்றாளர் சொல்கிறார்கள். ஜோன்ஸ்ரவுனுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் விசாரணை அறிக்கை 1890இன் தொடக்கத்தில் தயாராகி, 1891இல்தான் வெளிவந்தது. கட்டில் மாற்றங்கள் செய்யாதிருந்தாலும் அந்த மழைக்கு அது உடைந்திருக்கும் என்றது அறிக்கை. இந்த முடிவு நூறு வருடங்களுக்கு மேலாக வலம்வந்தது. 2016இல் வெளியான நீரியல் ஆய்வொன்று ஏரியின் அளவையும் கட்டின் பழைய உயரத்தையும் மீண்டும் அளந்து கணக்கிட்டது. உச்சியை இறக்கியதால் தண்ணீரை வெளியேற்றும் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, முதலில் கட்டியபடி இருந்திருந்தால் கட்டு நின்றிருக்கும் என்று அது காட்டியது. கார்னெகி பின்னர் ஜோன்ஸ்ரவுனுக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். அந்தக் கட்டடம் இப்போது வெள்ள அருங்காட்சியகமாக இருக்கிறது.

பின்வந்த கட்டுகள்

அணைகளை அரசு கண்காணிக்கும் சட்டம் பென்சில்வேனியாவில் 1913இல்தான் வந்தது. அதற்கும் 1911இல் ஒஸ்ரின் என்ற ஊரில் இன்னொரு அணை உடைந்து 78 பேர் இறக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கா முழுவதும் பார்த்தால் கதை இன்னும் நீளம். ஜோர்ஜியா மாநிலத்தில் ரொக்கோவா அருவிக்கு மேலே கெலி பார்ன்ஸ் என்றொரு சின்னக் கட்டு இருந்தது. 1899இல் மரச்சட்டத்துள் கல் அடைத்துக் கட்டியதன் மேல் பின்னர் மண் போட்டு உயர்த்தினார்கள். நாற்பது அடியளவு உயரம். 1957இல் மின்னுற்பத்தி நின்றபின் பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் இருந்தது. 1973இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் கட்டின் பின்சரிவில் மண் சரிந்திருப்பது தெரிகிறது. 1977 நவம்பர் 6ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின் அது உடைந்து, கீழேயிருந்த வேதாகமக் கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். தனியார் அணைகளைப் பரிசோதிக்க 1972இலேயே சட்டம் இருந்தது; பணம் ஒதுக்கப்படவில்லை. இந்த மரணங்களுக்குப் பிறகே ஜனாதிபதி கார்ட்டர் பரிசோதனையைத் தொடங்கச் செய்தார். 1978இல் ஜோர்ஜியாவும் சட்டம் கொண்டுவந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் வேலி பிறிட்ஜ் என்ற ஊருக்கு மேலே ரொட்புறூக் நீர்த்தேக்கம் இருக்கிறது. சவுத் ஃபோர்க்கைப் போலவே மண்கட்டு, அதைப் போலவே கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கவெனத் தொடங்கியது, ஏறத்தாழ அதே வயது. பிற்காலத்தில் அதிலும் பாய்க்கப்பல் கழகம் இருந்தது. 2019 ஓகஸ்ட் 1ஆம் திகதி கடும் மழையில் அதன் வான் சரிந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள், ஹெலிகொப்ரரில் கல்மூட்டைகள் கொண்டுவந்து போட்டார்கள், தண்ணீரை இறைத்து இறக்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, சரிந்தது பழைய மண்கட்டல்ல, 1970 அளவில் கட்டிய கொங்கிறீற் வான். வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் குறைகள் இருந்ததை விசாரணை ஒளிக்கவில்லை.

ஆக, பழையது என்பதாலோ மண் என்பதாலோ கட்டு ஆபத்தாவதில்லை. பிரித்தானியாவில் 1925இல் டொல்கரொக் என்ற வேல்ஸ் ஊரில் 16 பேர் இறந்தபின் 1930இல் சட்டம் வந்தது. சுதந்திரமான பொறியியலாளர் ஒருவர் பத்து வருடத்துக்கு ஒருமுறையேனும் வந்து பார்க்க வேண்டும். அது சொந்தக்காரரின் தயவில் நடப்பதல்ல. அதன்பின் அங்கே அணை உடைந்து எவரும் இறக்கவில்லை. கட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சார்பில் ஒருவர் கட்டின் மேல் ஏறி நடக்கும் உரிமை: இவ்வளவுதான் வித்தியாசம். மொறெலுக்குக் கிடைக்காததும் இதுதான்.

கந்தளாய்

திரும்பி வரும் வழியில் வன்னி நண்பர் கந்தளாயைப் பற்றிப் பேசினார். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்புறத்தில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, கீழேயிருந்த குடும்பங்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது உல்லாச ஏரியல்ல, நீர்ப்பாசனக் குளம். ஆனாலும் அதே கேள்வி அங்கும் நிற்கிறது.

கந்தளாயைப் பற்றி நாம் எழுதாமலில்லை. குளக்கோட்டன் கட்டினானா, அக்கபோதி கட்டினானா என்று எழுதியிருக்கிறோம். அங்கு யார் குடியேற்றப்பட்டார்கள், யாருடைய மண் அது என்று எழுதியிருக்கிறோம். அவை எழுதப்பட வேண்டியவை. ஆனால் அந்தக் கட்டை யார் பார்வையிட்டார்கள், கீழே படுத்திருந்தவர்களிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எமது பக்கங்களில் நான் படித்ததில்லை. குளத்தை யார் கட்டினார் என்பதில் காட்டிய அக்கறையை, அது யார்மேல் விழுந்தது என்பதில் நாம் காட்டவில்லை. இறந்தவர்களை எந்த இனத்தவர் என்று கேட்டபின்தான் துக்கப்படுவது என்று ஆகிவிட்ட காலமது.

'எங்கள் ஊர்களில் இப்படி நடக்காது, குளத்துக்குக் கீழே வயல் செய்பவனே கட்டையும் பார்த்தான்' என்று சொல்லலாம். அதில் உண்மையுண்டு. கிழக்கில் வட்டவிதானையின் வேலையே அதுதான். ஆனால் அந்தக் கட்டின்மேல் பேச உரித்துடையவன் காணிக்காரன். வயலில் கூலிக்கு நின்றவனை எவர் கேட்டார்? அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பழம்பெருமை பேசினால், நாமும் சவுத் ஃபோர்க் கழகத்தின் விடுதி முற்றத்தில்தான் நிற்போம்.

1986இல் கந்தளாயில் இருந்தவர்கள், அந்த இரவைப் பார்த்தவர்கள், எந்த இனத்தவரானாலும், இன்று உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். அவர்களில் எவரையாவது அறிந்த வாசகர்கள் அவர்களை எழுதவோ பேசவோ வைக்க வேண்டும். ஜோன்ஸ்ரவுனில் உயிர்தப்பியவர்கள் சொன்னவற்றைப் பதிந்து வைத்தபடியால்தான், அது வெறும் வெள்ளமல்ல என்று இன்று எம்மால் சொல்ல முடிகிறது.